கரியராமனுக்குக் கொடுத்த பிள்ளை

எத்தனை கோபம் வந்தாலும் வேறு பெயர் சொல்லிக் கூப்பிட வாய் வராத என் அப்பாவுக்கு,

உன் முதல் வருஷ நினைவு நாளுக்கு மலர் அச்சடிக்கிறார்கள். கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுச் சுவர் முழுக்க நீதான் இருக்கிறாய். மீசையைக் கொஞ்சம் தாராளமாகவே கறுப்படித்திருக்கிறார்கள். ‘நம் பிள்ளைகளின் படிப்புக்காகச் சிறை சென்றவர்’ என்று கீழே எழுதி, பக்கத்திலேயே தம்பி குணாவையும் கைகூப்ப வைத்திருக்கிறார்கள். செத்தும் நீ ஓட்டுக் கேட்டுக்கொண்டிருக்கிறாய்.

மலருக்கு என்னையும் எழுதச் சொன்னான் குணா. "அக்கா, அப்பாவுக்கு லெட்டர் எழுதற மாதிரி ஒண்ணு எழுதிக் குடு. படிக்கிறவன் அழுதுடணும்" என்றான். சரி என்றுதான் உட்கார்ந்தேன். அழுகை வரவில்லை அப்பா, ஆத்திரம்தான் பொங்கிப் பொங்கி வருகிறது.

வீட்டுச் செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். அம்மாவுக்குச் சர்க்கரை கூடிவிட்டது, சொன்னால் கேட்பதில்லை. உன் கடுக்காய் மண்டியை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். என் வீட்டுக்காரர் வழக்கம்போல எதிலும் வாய் திறப்பதில்லை. குணாவின் கிளினிக்கில் நல்ல கூட்டம். வருகிற சட்டமன்றத் தேர்தலில் அவனுக்குத்தான் சீட் என்று எல்லாரும் சொன்னார்கள். அதை முடிவு செய்யத்தான் போன வாரம் மாவட்டம் நம் வீட்டுக்கு வந்தார். கட்சியின் மாவட்டச் செயலாளரை ‘மாவட்டம்’ என்றே கூப்பிட்டுப் பழக்கியவன் நீதானே.

அன்று காலையிலிருந்து வீடு கல்யாண வீடாக இருந்தது. வாசலில் ஜீப்பும் காருமாக நின்றன. அம்மா வடைக்கு ஆட்டிக்கொண்டிருந்தாள். அப்போது மலையிலிருந்து ஐந்தாறு பேர் வந்து மண்டி ஓரமாக உட்கார்ந்தார்கள். கூட ஒரு பெண்பிள்ளை. கடுக்காய் கொண்டுவந்திருப்பார்கள் என்று நினைத்து, "இன்னிக்கு எடை போட மாட்டோம், நாளைக்கு வாங்க" என்றேன்.

அவர்களில் மூத்தவர் எழுந்து துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டார்.

"கடுக்கா இல்லீங்கம்மா. கரியராமன் போயிட்டாருங்க. மவன கூட்டிக்கினு போவ வந்தோம். அவுரு வந்து மண்ணு போட்டாத்தான் எடுப்போம்."

கரியராமனை எனக்குத் தெரியும். வெள்ளிமலைக்கு மேலே ஒரு சின்ன ஊரில் இருந்து வருஷா வருஷம் புதுச் சாமை கொண்டுவந்து கொடுப்பாரே, அவர். மண்டிக்குள் வராமல் வெளியிலேயே நின்று, "தம்பி சொகமாங்க?" என்று குணாவைக் கேட்டுவிட்டுப் போவார். பெரிய மனிதர் வீட்டுப் பிள்ளையை விசாரிக்கிறார் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

"எந்த மவன?" என்று கேட்டேன்.

"உங்க தம்பி, நம்ம டாக்டரு மவனத்தாங்க" என்றார் அவர், இதென்ன கேள்வி என்பதுபோல.

நான் சமையல் கட்டுக்கு ஓடினேன். அம்மா முகத்தைப் பார்த்ததுமே அவளுக்கு எல்லாம் தெரியும் என்று தெரிந்துவிட்டது. மாவுக் கையோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"உங்கப்பாகிட்ட அப்பவே சொன்னன்டி, இது வாணாம், பாவம்னு. கேட்டாரா?"

குணா பன்னிரண்டாவது முடித்த வருஷம், அவன் மார்க்குக்கு டாக்டர் சீட் கனவிலும் கிடைக்காது என்று தெரிந்ததும், நீ மலைக்கு ஜீப்பை விட்டிருக்கிறாய். கரியராமனுக்கு ஆண்பிள்ளை இல்லை. "என் பையன உன் பையன்னு சொல்லிக்கோ, பேருக்குத்தான்" என்று கேட்டிருக்கிறாய். மலைசாதிப் பிள்ளைகளுக்கு ஒதுக்கிய இடத்தில் உன் பிள்ளையை உட்கார வைக்க வேண்டும். கீழே எந்த அதிகாரியை எப்படிச் சரிக்கட்டினாய் என்று அம்மாவுக்குத் தெரியாது, எனக்கும் தெரிய வேண்டாம்.

உனக்குப் பேருக்கு. அவர்களுக்கு அப்படி இல்லை. மலையில் வாய்ச் சொல்லே பட்டா என்று நீயே மண்டியில் பெருமையாகச் சொல்வாயே அப்பா, அதை எப்படி மறந்தாய்? கரியராமன் ஊரைக் கூட்டியிருக்கிறார். கோயில் முன்னால் சேவல் அறுத்து, குணாவை மடியில் உட்கார வைத்து, தன் கையால் சாமைக் கஞ்சி குடிக்க வைத்து, ‘இவன் எம்மவன், என்னை எடுத்துப்போட இவன் இருக்கான்’ என்று ஊர் முன்னால் சொல்லியிருக்கிறார். நீ துண்டைப் போட்டுக்கொண்டு பக்கத்தில் நின்று தலையாட்டியிருக்கிறாய். திரும்பி வரும்போது ஜீப்பில் நீயும் குணாவும் சிரித்துச் சிரித்து வயிறு வலித்ததாம். கூட வந்த அம்மா மட்டும் சிரிக்கவில்லையாம்.

இதற்குப் பிறகுதானே அப்பா அந்த மறியல் வருஷங்கள் வந்தன?

உளுந்தூர்பேட்டை ரோட்டில் நீ உட்கார்ந்ததை நான் எப்படி மறப்பேன்? லாரிகள் கண்ணுக்கெட்டிய தூரம் நின்றன. நைனார்பாளையத்துப் பக்கமிருந்து கரும்பு வெட்டுகிற ஜனம் கூலியை விட்டுவிட்டு வந்து உன் பின்னால் உட்கார்ந்தது. "எங்க புள்ளைங்களும் படிக்கணும், எங்களுக்கும் எடம் குடு" என்று நீ கத்தினாய், தொண்டை கட்டிப் போகும்வரை கத்தினாய். அண்டா அண்டாவாகப் புளிச்சோறு கிளறி அனுப்பியவள் நான். உன்னைப் பிடித்துக்கொண்டு போனபோது, என் அப்பா மாதிரி உண்டா என்று நெஞ்சை நிமிர்த்தி நடந்தவள் நான்.

நீ கேட்டது நியாயம்தான் அப்பா. இன்றைக்கும் சொல்வேன், நூற்றுக்கு நூறு நியாயம். அந்தக் கரும்பு வெட்டுகிறவன் பிள்ளைக்கு இடம் வேண்டும். அதைக் கேட்டுத் தடியடி பட்டவர்களின் காலைத் தொட்டுக் கும்பிடலாம். ஆனால் அவர்கள் முன்னால் நின்று கேட்ட உன் மடியில், தனக்கென்று கேட்க நாதியில்லாத ஒருவனிடமிருந்து எடுத்த இடம் இருந்ததே! படிக்கிறது ராமாயணம், இடிக்கிறது பெருமாள் கோயில் என்பார்கள். எப்படி அப்பா உனக்குத் தூக்கம் வந்தது? என்னைப் பள்ளிக்கூடத்தோடு நிறுத்தினாய், பொட்டைப்பிள்ளைக்கு எதற்குப் படிப்பு என்று. அதைக்கூட நான் பொறுத்துக்கொண்டேன்.

அம்மாவை விட்டுவிட்டு குணாவைத் தேடிப் போனேன். கூடத்தில் மாவட்டத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். கண்ணைக் காட்டி நடைக்கு வரச் சொன்னேன். வந்தான். சட்டையில் மடிப்பு கலையவில்லை.

"கரியராமன் செத்துட்டாரு. உன்ன கூப்புட வந்திருக்காங்க."

"தெரியும். கூட்டத்த பாத்தேன்" என்றான். "எதனா குடுத்து அனுப்பிடுக்கா."

"நீ போயி மண்ணு போடற வரைக்கும் எடுக்க மாட்டாங்களாம்டா."

"இன்னா பேசற நீ? நான் போயி அந்தாளுக்கு மவனா நின்னா நாளைக்கு எதிர்க்கட்சிக்காரன் சும்மா இருப்பானா? சீட்டு மட்டுமா போவும்? டாக்டர் பட்டமும் போவும், ஜெயிலுக்கும் போவணும்."

"அவரு கஞ்சிய குடிச்சதானடா?"

"அப்பா சொன்னாரு, குடிச்சேன். எனக்கு அப்ப இன்னா தெரியும்?" என்று சொல்லிவிட்டு, உள்ளேயிருந்து மாவட்டம் கூப்பிடும் குரல் கேட்டதும், "தோ வரேங்க" என்று சிரித்த முகத்தோடு திரும்பிப் போனான். அந்தச் சிரிப்பு அப்படியே உன்னுடையது.

எனக்கு எங்கே இருந்து அந்த வேகம் வந்தது என்று தெரியவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு நேராக மண்டிக்குப் போய், "வாங்க, நான் வரேன்" என்றேன். மண்டி ஜீப்பில் எல்லாரையும் ஏற்றினேன். அம்மா பின்வாசலில் நின்று, "செல்வி, குடும்பத்த சந்தியில நிறுத்திடாதடி" என்று அழுதாள்.

கச்சிராயபாளையம் தாண்டி மலை ஏறும்போது அந்தப் பெண்பிள்ளை என் பக்கத்தில் இருந்தாள். பெயர் பொன்னி. கரியராமனுக்கு ஒரே பெண்.

"அண்ணன் பின்னால வருங்களா?" என்று கேட்டாள்.

அவளே பேசிக்கொண்டு வந்தாள். அவள் அப்பாவுக்குக் காய்ச்சல் விடாமல் அடித்ததாம். கீழே ஆஸ்பத்திரிக்குத் தூளி கட்டித் தூக்கிப் போகலாம் என்று ஊரே சொல்லியும் அவர் கேட்கவில்லையாம்.

"எம்மவன் டாக்டரா இருக்கசொல்ல இன்னொரு டாக்டருகிட்ட கைய நீட்டுனா அவனுக்குத்தான கொறச்சலுன்னாருங்க. அண்ணனுக்கு ஆள் அனுப்பினோம். வரேன்னு சொல்லி அனுப்பிச்சிது. அதக் கேட்டதும் எழுந்து உக்காந்துட்டாருங்க. வாசலப் பெருக்கு, கட்டில வெளிய போடுன்னாரு. அப்பறம் தெனம் பெருக்கினேங்க."

வரேன் என்று சொன்னானாம் அப்பா. சும்மா ஒரு பேச்சுக்கு, கிளினிக் வாசலில் நின்றவனை விரட்டுவதற்கு. நீ மேடையில் சொல்கிற மாதிரியே சொல்லியிருக்கிறான். அவர்கள்தான் உங்கள் இரண்டு பேர் வார்த்தையையும் வார்த்தை என்று நம்பிக்கொண்டிருந்தார்கள்.

"நீ எது வரைக்கும் படிச்ச?" என்று கேட்டேன், பேச்சை மாற்றுவதாக நினைத்து.

"பன்னண்டு முடிச்சிட்டேங்க. மேல படிக்கறதுக்கு அண்ணன் வந்து எதுன்னு சொல்லும், அது வரைக்கும் இருன்னு அப்பா சொன்னாரு. இருக்கறேங்க."

ஜீப்பை நிறுத்தச் சொல்லி இறங்கி ஓரமாக நின்றேன். கொண்டை ஊசி வளைவில் கீழே நம் ஊர்ப் பக்கம் வயல்கள் பச்சையாகத் தெரிந்தன.

மலையில் கரியராமனைக் கட்டிலில் கிடத்தியிருந்தார்கள். வாசல் சுத்தமாகத்தான் இருந்தது. ஊரே ஜீப்பைச் சுற்றி வந்து உள்ளே எட்டிப் பார்த்தது. மூத்தவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டார்.

"வருவாரா, வர மாட்டாராம்மா? நெசத்த சொல்லிடுங்க."

சொல்லிவிட்டேன் அப்பா. அவன் வர மாட்டான் என்று மட்டும் இல்லை, எதற்காக மகன் ஆனான் என்பதையும் சொன்னேன். அவர்கள் கத்தவில்லை. யாராவது ஒருவர் என்னை அடித்திருந்தாலும் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். பொன்னி மட்டும் கேட்டாள், "அப்ப அந்த எடம் யாருதுங்க?" என்று.

குழிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். பொன்னியையே முதல் மண் போடச் சொன்னார் மூத்தவர். பெண்பிள்ளை போடுவது அங்கே வழக்கம் இல்லையாம், இருந்தாலும் சொன்னார். அவள் போட்டாள். எல்லாரும் போட்டு முடித்ததும் அவர் என் பக்கம் திரும்பினார்.

"மவன் இருந்தும் வரலன்னா, அவனும் இல்லாதவன்னு அவன் பேருக்கும் ஒரு பிடி போட்டுடுவோம்மா. அப்பதான் இவுரு வழியப் பாத்துக்கினு இருக்காம போவாரு. அவன் கூடப் பொறந்தவுங்க நீங்கதான். நீங்க போடுங்க."

என்ன சொல்கிறீர்கள், அவன் என் தம்பி என்று கத்த வேண்டும்போல இருந்தது. நான் இடுப்பில் தூக்கி வளர்த்தவன். அவனுக்கு அம்மை போட்டிருந்தபோது வேப்பிலை போட்டு விசிறினவள் நான். ஆனால் கட்டிலை வாசலில் போட்டுக் காத்திருந்த அந்த மனிதர் இன்னும் காத்திருக்கக் கூடாது என்றும் இருந்தது. குனிந்து எடுத்தேன். ஈரச் செம்மண். ‘குணசேகரன்’ என்று அவன் முழுப் பெயரையும் சொல்லி, போட்டேன்.

உனக்கு ஒரே மகன் அப்பா. அவனுக்கு நான் மலையில் மண் போட்டுவிட்டு வந்திருக்கிறேன். நீ சேர்த்ததெல்லாம் யாருக்காக என்று இப்போதாவது யோசிப்பாயா?

குணாவுக்கு சீட் உறுதியாகிவிட்டது. நான் திரும்பி வந்தபோது தெருவில் பட்டாசு வெடித்துக்கொண்டிருந்தது. அம்மா என்னோடு பேசுவதில்லை. எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. என் வீட்டை நானே கொளுத்துகிறேனோ என்றும் தோன்றுகிறது. ஆனால் குணா கேட்டது கடிதம், எழுதிவிட்டேன். மலரில் அவன் போட மாட்டான், தெரியும். அதனால் நாளைக் காலையில் வேறு அச்சகத்துக்கு நானே எடுத்துப்போகிறேன். உன் நினைவு நாள் கூட்டத்தில், உன் பின்னால் ரோட்டில் உட்கார்ந்த ஒவ்வொருவர் கையிலும் இதை நானே கொடுப்பேன். யார் வந்து காலில் விழுந்தாலும் ஒரு வரியையும் எடுக்க மாட்டேன். இது உனக்கு நான் கொடுக்கிற வாக்கு. நம் வீட்டில் ஒருவராவது சொன்ன சொல்லைக் காப்பாற்ற வேண்டும் அல்லவா?

உன் மூத்த மகள்,
பொன்னிக்கு அக்கா,
செல்வி