சிக்னலில் நின்றால் ஆறுகிற கார்

வயண்டாட், மிச்சிகன்
ஆகஸ்ட் 21

அன்பு மகள் டெலனிக்கு அப்பா எழுதுவது. இங்கே நான், உன் அம்மா, பூனை, கார் நாலு பேரும் நலம். நாலாவதாகச் சொன்னது போன ஞாயிற்றுக்கிழமைதான் நலமானது, அதை எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன். அலாஸ்காவில் நீயும் உன் கப்பலும் நலமாக இருக்க வேண்டும், இல்லையென்றால் இல்லை என்று எழுது, சும்மா ஒப்புக்கு நலம் என்று எழுதாதே. உன் கடிதம் போன வாரம் வந்தது. எந்திர அறையைச் சுற்றிப் பார்த்து அளவு குறித்து வர மற்றவர்களுக்கு இருபது நிமிடம் ஆகிறது, உனக்கு நாற்பது ஆகிறது, உன் தலைமை மெக்கானிக் எல்லார் முன்னாலும் நீ கண்காட்சி பார்க்க வந்தவள் மாதிரி நடக்கிறாய் என்று சொல்லிவிட்டார், அதனால் எந்திர அறையே வேண்டாம், மேல்தளத்துச் சாப்பாட்டுக் கூடத்துக்கு மாற்றல் கேட்டு முப்பதாம் தேதிக்குள் தாள் கொடுக்கப்போகிறேன் என்று எழுதியிருந்தாய். படித்ததும் போனை எடுத்தேன். உன் அம்மா பிடுங்கி வைத்துவிட்டாள். நான் போனில் பேசினால் இரண்டாவது நிமிடம் கத்துவேன், மூன்றாவது நிமிடம் நீ வைத்துவிடுவாய், எழுதினால் கத்த முடியாது, எழுது என்றாள். அந்தத் தாளைப் பற்றி அறிவுரை எதுவும் எழுதக் கூடாது என்றும் கட்டளை. சரி, காரைப் பற்றி எழுதுகிறேன்.

அதற்கு முன் வீட்டுச் செய்தி. உன் அம்மாவுக்கு ஆஸ்பத்திரியில் காலை முறைக்கு மாற்றிவிட்டார்கள், நாலரைக்கு எழுந்து பாத்திரத்தை உருட்டுகிறாள், நான் தூங்குவதுபோல் படுத்திருக்கிறேன். தக்காளி காய்த்துத் தள்ளுகிறது, யாரும் சாப்பிட முடியாத அளவுக்கு. எதிர்வீட்டு ஓட்டிஸுக்கு முழங்கால் ஆபரேஷன் ஆனது, முப்பது வருடம் பஸ் ஓட்டிய கால் அது, இப்போது அவர் வாசல் புல்லில் மடக்கு நாற்காலியைப் போட்டுக்கொண்டு நாள் முழுக்க என் கொட்டகையைப் பார்ப்பதே வேலையாக இருக்கிறார். அவருக்கு வேடிக்கை காட்டும் பொறுப்பு இந்தக் கோடையில் என்னுடையதாகிவிட்டது. ஏனென்றால் நம் நீலக் கார் கொதிக்கிறது. அறுபத்தொன்பதாம் வருடத்து பான்டியாக், எட்டு சிலிண்டர், உனக்குப் பதினாலு வயதில் மன்ரோ பக்கத்துப் பண்ணையில் கோழிகள் முட்டையிடும் கூடாகக் கிடந்ததை நாம் இருவரும் கொண்டுவந்த அதே கார். நீ போகும்வரை எஞ்சின் சூட்டைக் காட்டும் முள் நூற்றித் தொண்ணூறைத் தாண்டினால் எனக்கு உடனே தெரியும் என்று பெருமை பேசிக்கொண்டிருந்தேன். இப்போது அது இருநூற்றி நாற்பதுக்குப் போகிறது, எல்லாருக்கும் தெரிகிறது, பானெட்டிலிருந்து வரும் ஆவி ஓட்டிஸ் வீடு வரை போகிறது. முதல் தடவை, நெடுஞ்சாலையிலிருந்து வந்து வாசலில் நிறுத்தியதும் பொங்கியபோது அவர் நாற்காலியை ஊன்றி எழுந்து வந்து, "இன்ஜினியர் தம்பி, கொஞ்சம் தைலம் இருந்தா அதுல விடு, எனக்கும் ரெண்டு நாளா சளி, ஆவி புடிச்சிட்டுப் போயிடறேன்" என்றார். நான் இன்ஜினியர் இல்லை, எஞ்சின் சோதனைக்கூடத்தில் அளவு பார்க்கிற டெக்னீஷியன் என்று அவருக்கு நன்றாகத் தெரியும்.

இந்த வசந்தத்தில், நீ கிளம்புவதற்கு முந்தின வாரம், தண்ணீர் ஓடும் பழைய ரப்பர் குழாய்களை எல்லாம் மாற்றினோமே, அதற்குப் பிறகுதான் இது ஆரம்பித்தது. நீயும் அப்போதே கவனித்தாய். நெடுஞ்சாலையில் நீ ஓட்ட நான் பக்கத்தில் உட்கார்ந்து வந்தபோது, "ஏம்ப்பா, வேகமாப் போனா முள்ளு ஏறுது, சிக்னல்ல நின்னா எறங்குது, தலைகீழா இல்ல இருக்கு?" என்று கேட்டாய். நான் என்ன சொன்னேன் என்று எனக்கு நினைவிருக்கிறது, உனக்கும் இருக்கும். பழைய கார் நின்றால்தான் கொதிக்கும், ஓடினால் காற்று பட்டு ஆறும், இது முதல் பாடம், நீ முள்ளைத் தப்பாகப் பார்க்கிறாய், சாலையைப் பார் என்றேன். நீ சாலையைப் பார்த்து ஓட்டினாய். நான் அத்துடன் அந்தக் கேள்வியை மறந்துவிட்டேன்.

அதற்குப் பிறகு நான் செய்ததை எல்லாம் எழுதுகிறேன், சிரித்துக்கொள். முதலில் தெர்மோஸ்டாட்டை மாற்றினேன். கொதித்தது. ரேடியேட்டர் அடைத்திருக்கும் என்று கழற்றி, அடைப்பே இல்லை என்று பார்த்த பிறகும் பிடிவாதமாக அதைவிடப் பெரியதாக ஒன்று போட்டேன். கொதித்தது. வாட்டர் பம்பை மாற்றினேன், அதற்கு முன் இருந்ததில் ஒரு குறையும் இல்லை, இப்போது அலமாரியில் இருந்து என்னைப் பார்க்கிறது. ரேடியேட்டர் மூடியைச் சோதித்தேன், நன்றாக இருந்தது, இருந்தாலும் மாற்றினேன். எஞ்சின் பொறி விழும் நேரத்தை ஒரு டிகிரி முன்னே, இரண்டு டிகிரி பின்னே என்று ஜூலை மாதம் முழுக்கத் திருகிக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு தடவையும் கையைத் துடைத்துக்கொண்டு உன் அம்மாவிடம் இதுதான் கோளாறு, கண்டுபிடித்துவிட்டேன் என்று சொன்னேன். ஐந்தாவது தடவை அவள், "டேரன், நீ கண்டுபிடிக்கிறது எல்லாம் சரிதான், ஆனா நீ எதையும் நின்னு உத்துப் பார்த்து நான் பார்த்ததே இல்லையே" என்றாள். நான் அதை அவள் சும்மா குத்துவதற்குச் சொல்கிறாள் என்று நினைத்தேன்.

போன சனிக்கிழமை உட்வர்ட் சாலையில் பழைய கார்கள் ஊர்வலம். இந்த வருடமும் போகாமல் இருந்தால் ஓட்டிஸ் என்னை ஊரைவிட்டே துரத்திவிடுவார் என்று கிளம்பினோம், டிக்கியில் ஆறு கேன் தண்ணீர். உனக்குத் தெரியும் அங்கே எப்படி என்று, தொண்ணூறு டிகிரி வெயிலில் ஆயிரக்கணக்கான கார்கள் எறும்பு வரிசையாக நகரும், ஓரத்தில் பத்தடிக்கு ஒன்று பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு மூச்சு வாங்கும், நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறவர்கள் கைதட்டுவார்கள். மூன்று மணி நேரம் ஊர்ந்தோம். நம் கார் பானைத் தண்ணீர் மாதிரி குளுகுளுவென்று இருந்தது. நூற்றித் தொண்ணூறை விட்டு முள் அசையவில்லை. சரியாகிவிட்டது, பார்த்தாயா, பொறி நேரம்தான் என்று நான் உன் அம்மாவிடம் அளந்துகொண்டே வந்தேன். வீட்டுக்குத் திரும்ப நெடுஞ்சாலையில் ஏறி எழுபது மைல் பிடித்தேன், ஐந்தாவது மைலில் பொங்கிவிட்டது. எல்லாக் காரும் கொதிக்கிற இடத்தில் கொதிக்காமல், எந்தக் காரும் கொதிக்காத இடத்தில் கொதிக்கிற கார் உலகத்திலேயே நம்முடையது ஒன்றுதான். ஓரம் கட்டினேன். உட்வர்டில் ஓரமாக நின்றபோது நாங்கள் பார்த்துச் சிரித்த கார்கள் எல்லாம் ஹாரன் அடித்துக்கொண்டு எங்களைத் தாண்டிப் போயின. உன் அம்மா சாலைத் தடுப்பில் குடையை விரித்து உட்கார்ந்து, பாட்டிலில் கொண்டுவந்த ஊறுகாய் வெள்ளரியைத் தின்றுகொண்டே, "இதைத்தானே டெல் சொன்னா" என்றாள். என்ன சொன்னாள் என்றேன். "ஓடினா ஏறுது, நின்னா எறங்குதுன்னு. நீ அவளை ரோட்டைப் பாருன்னு சொன்னியே, அன்னைக்கு வந்து எங்கிட்ட அழுதா." டெலனி, நீ அழுதது எனக்குத் தெரியாது. வீடு வரை ஐம்பது மைல் வேகத்தைத் தாண்டாமல் உருட்டிக்கொண்டு வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் புதிதாக எதையும் வாங்கக் கூடாது, எதையும் கழற்றக் கூடாது என்று முடிவு செய்தேன். உன் கேள்வியை மட்டும் ஒரு தாளில் எழுதிக் கார் கண்ணாடியில் ஒட்டினேன். சோதனைக்கூடத்தில் அடுத்தவன் எஞ்சினுக்கு தினமும் செய்கிற வேலைதான், சொந்தக் காருக்குச் செய்ய எனக்குப் பொறுமை வரவில்லை, அவ்வளவுதான். உன் அம்மாவை ஓட்டுநர் இருக்கையில் உட்கார வைத்து, எஞ்சின் நன்றாகச் சூடேறிய பிறகு ஆக்சிலரேட்டரை மிதித்து அப்படியே பிடித்துக்கொள், நான் கை காட்டும்வரை விடாதே என்றேன். ஃபேன் பக்கம் தலையைக் கொண்டுபோகாமல், பேட்டரிக்கு ஓரமாக மண்டி போட்டு, டார்ச்சை அடித்துக்கொண்டு ரேடியேட்டருக்கு அடியில் இருக்கிற கீழ்க்குழாயைப் பார்த்தேன். வெறுமனே பார்த்தேன். உன்னை மாதிரி. ஒரு நிமிடம் ஒன்றும் இல்லை. என் கால் மரத்துப்போனது, எழுந்துவிடலாம் என்று தோன்றியது, எழவில்லை. அப்புறம் அந்தக் குழாய் என் கண் முன்னால் மெல்ல ஒடுங்கியது, டெலனி. பழச்சாறு டப்பாவைக் கடைசிச் சொட்டு வரை உறிஞ்சினால் இரண்டு பக்கமும் ஒட்டிக்கொள்ளுமே, அந்த மாதிரி. பம்ப் வேகமாக உறிஞ்ச, சூட்டில் இளகிய ரப்பர் தட்டையாக ஒட்டிக்கொள்கிறது, தண்ணீர் போக வழியில்லை. கை காட்டினேன், உன் அம்மா காலை எடுத்தாள், குழாய் ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி உருண்டையாகிவிட்டது. மூன்று மாதத்தில் அந்தக் குழாயை நான் இருபது தடவை தொட்டிருக்கிறேன், அமுக்கிப் பார்த்திருக்கிறேன், எல்லாம் எஞ்சினை நிறுத்திவிட்டு. மறுபடி மிதிக்கச் சொன்னேன், மறுபடி ஒடுங்கியது. ஓட்டிஸ் தடியை ஊன்றிக்கொண்டு ரோட்டைத் தாண்டி வந்து அவரும் குனிந்து பார்த்தார். "அட, நெஞ்சு அடைக்குது பாரு இதுக்கு" என்றார், வேறு கிண்டல் எதுவும் சொல்லவில்லை.

இனிமேல் எழுதுவதுதான் எனக்குக் கஷ்டமான பகுதி. பழைய குழாயைக் கழற்றியபோது அதற்குள் ஒரு கம்பிச்சுருள் இருந்ததே, நினைவிருக்கிறதா. நீ கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்து இது எதற்கு என்று கேட்டாய். இது தொழிற்சாலையில் முதல் தடவை தண்ணீர் நிரப்பும்போது மட்டும் தேவைப்பட்டது, இந்தக் காலத்து ரப்பருக்கு வேண்டாம், இதுகூடத் தெரியாமல் பாதிப் பேர் இன்னும் மாட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்று பெரிய மேதை மாதிரி சொல்லிக் குப்பைத் தொட்டியில் போட்டேன். எங்கோ படித்தது, படித்ததை நானே சோதித்துப் பார்க்கவில்லை. அப்புறமும் நீ குப்பைத் தொட்டியைப் பார்த்துக்கொண்டே நின்றாய். என்ன நிற்கிறாய், கையில் ஸ்பேனரை எடு, பார்த்துக்கொண்டே நின்றால் வேலை ஆகாது என்று கத்தினேன். அந்தச் சுருள் குழாயை உள்ளிருந்து தாங்குவதற்குத்தான் இருந்திருக்கிறது. தெரிந்தபோது ஞாயிற்றுக்கிழமை, கடை இல்லை, தடித்த கம்பி ஏதாவது கிடைத்தால் நானே சுற்றிக்கொள்ளலாம் என்று கொட்டகையில் பெயின்ட் அலமாரிக்குப் பின்னால் தேடினேன். அங்கே ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. அதே சுருள். குப்பையிலிருந்து எடுத்து, துருவைத் தேய்த்து, எண்ணெய் தடவி, செய்தித்தாளில் சுற்றி, கழுத்தில் ஒரு சீட்டை நூலால் கட்டி வைத்திருக்கிறாய். நான் அந்தச் சீட்டைப் படித்துவிட்டு அங்கேயே பெயின்ட் டப்பா மேல் உட்கார்ந்துவிட்டேன். உன் அம்மா வந்து என்ன ஆச்சு என்று கேட்டாள், சீட்டைக் கையில் கொடுத்தேன்.

சுருளைக் குழாய்க்குள் விட்டேன், அளவெடுத்த மாதிரி உட்கார்ந்தது. அன்று மத்தியானமே உன் அம்மாவும் நானும் டொலீடோ வரை எழுபது மைல் வேகத்தில் போய், அங்கே ஒரு ஹாட் டாக் தின்றுவிட்டு, அதே வேகத்தில் திரும்பி வந்தோம். முள் நூற்றித் தொண்ணூறு. நான் சாலையைப் பார்த்தேன், முள்ளை அவள் பார்த்தாள். வாசலில் நிறுத்தியபோது ஓட்டிஸ் இன்னும் நாற்காலியில் இருந்தார். யார் கண்டுபிடித்தது என்று கேட்டார், டெல் என்றேன். "அந்தப் புள்ள அலாஸ்காவுலல்ல இருக்கு?" ஆமாம், போகும் முன்பே கண்டுபிடித்துவிட்டாள், எனக்குத்தான் இப்போது தெரிந்தது என்றேன். அவர் தொப்பியை எடுத்துவிட்டு மறுபடி போட்டுக்கொண்டார்.

அறிவுரை கூடாது என்று கட்டளை, ஆனால் உன் அம்மா இப்போது வேலைக்குப் போயிருக்கிறாள். உன் தலைமை மெக்கானிக் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர் உன்னை மெதுவானவள் என்று சொல்வதற்கு எத்தனையோ வருடம் முன்பே அதை நான் சொல்லிவிட்டேன், என் கொட்டகையில், அதுவும் தினமும். அவர் சொன்னதை நீ உடனே நம்பியதற்குக் காரணம் நான்தான். அது தப்பு. எனக்கு இருபது வருடம் எஞ்சினோடு பழக்கம், சோதனைக்கூடத்தில் என்னைவிட வேகமானவன் ஒருவனும் இல்லை, ஆனால் கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்டதும் நீ, பதில் கிடைக்காதபோது கேள்வியை எறியாமல் எண்ணெய் போட்டு வைத்ததும் நீ. உன்னைப் போல ஒருத்தி என்னோடு வேலை செய்தால் அவளைத்தான் நான் முதலில் கேட்பேன். நாற்பது நிமிடம் இருபதாக வேண்டும்தான், அதை மறுக்கவில்லை, கப்பல் நடுக்கடலில் இருக்கும்போது யாரும் காத்திருக்க முடியாது, அது கை பழகினால் வரும், நான் வேண்டுமானால் சொல்லித் தருகிறேன், கத்தாமல். தாள் கொடுப்பதும் கொடுக்காமல் இருப்பதும் உன் இஷ்டம். சாப்பாட்டுக் கூடம் உனக்கு நிஜமாகவே பிடித்திருந்தால் போ, நான் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். ஆனால் நீ மெதுவானவள் என்ற காரணத்துக்காகப் போகாதே. அந்தக் காரணம் என்னுடையது, அதை நான் திரும்ப எடுத்துக்கொள்கிறேன்.

எந்திர அறையில் காதடைப்பு இல்லாமல் நிற்காதே. கம்பளிக் காலுறை ஆறு ஜோடி தனிப் பார்சலில் வருகிறது, உன் அம்மா அனுப்பியது. ஞாயிறு தவறாமல் அவளுக்குப் போன் செய், என்னிடம் கொடுக்கச் சொல், கத்த மாட்டேன். கடல் உன்னைப் பத்திரமாக வைத்திருக்கட்டும், உன் கண் எப்போதும் இப்படியே இருக்கட்டும், நீ நன்றாக இருப்பாய். நீ சுருளில் கட்டிவைத்த சீட்டை இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன். நீ கட்டிய நூலும் அதோடு இருக்கிறது. ஒரு பக்கம் உன் கையெழுத்தில், எதுக்குன்னு தெரியல, தெரியற வரைக்கும் இருக்கட்டும் என்று இருக்கிறது. பின்பக்கம் காலியாக இருந்தது. அதில் நான், தெரிந்துவிட்டது என்று எழுதித் தேதி போட்டிருக்கிறேன்.

இப்படிக்கு,
உன் அப்பா
டேரன்