அழும்போது மட்டும்

பிள்ளையின் அப்பாவுக்கு,

இன்று வார்டில் ஒரு சிசு அழும்போது சிவந்தது, அடங்கினால் நீலம் பாரித்தது. "பச்ச மண்ண ஏன் டாக்டர் அழ விடறீங்க? எங்கிட்ட குடுங்க," என்று அதன் அப்பா சண்டைக்கு வந்தார். மெல்லிய குழாயை மூக்கில் விட்டுப் பார்த்தேன், இரண்டு பக்கமும் உள்ளே போகவில்லை. பிறந்த குழந்தை மூக்கால்தான் மூச்சுவிடும். அது அடைத்திருந்தால் அழும்போது மட்டுமே வாய்வழியாகக் காற்றுப் போகும். வாயில் குழாய் வைத்தேன். பிழைத்துக்கொண்டது.

நம் பிள்ளை விடாமல் அழுத அன்று, "கொஞ்சம் சமாதானப்படுத்துங்க, நான் கண்ண மூடறேன்," என்று சொன்னது நான்தான்.

"என் நெஞ்சுல சாஞ்சதும் கப்சிப்னு ஆயிட்டான் பாரு, ஆள் தெரியுது பயலுக்கு!" என்று சிரித்தீர்கள். அவன் நீலமானதும் நான் கேட்டது, "அவன என்ன பண்ணீங்க?"

மூக்கின் உள்ளே இருபுறமும் எலும்பு அடைத்திருந்ததாகப் பிரேதப் பரிசோதனை அறிக்கை சொன்னது. பத்தொன்பது வருடமாக அதை உங்களிடம் காட்டவில்லை. மருத்துவம் படித்தவள் நான், நீங்கள் அல்ல. அந்த அறிக்கையை இத்துடன் வைத்திருக்கிறேன்.

அவன் போனபிறகு நீங்கள் எந்தக் குழந்தையையும் கையில் வாங்கியதில்லை என்று உங்கள் தங்கை சொன்னாள்.

அவனை நீங்கள் சரியாகத்தான் தூக்கியிருந்தீர்கள்.

அவனைப் பெற்றவள்