வரிசையில் நின்ற அடியாட்கள்

அன்புள்ள அப்பாவுக்கு,

முழங்கால் இப்போது படியேற விடுகிறதா? நான் சுகமாக இருக்கிறேன்.

எங்கள் கார்ட்டூன் தொடருக்காக நம் சினிமாச் சண்டையைக் கிண்டல் செய்து ஒரு காட்சி வரைந்தேன். நாயகன் ஒரு பூனை. எலி அடியாட்கள் ஒவ்வொருவராக வந்து உதை வாங்குவார்கள். அலுவலகத்தில் போட்டுக் காட்டினேன். இங்கே யாரும் தமிழ்ப் படம் பார்த்ததில்லை; யாரும் சிரிக்கவில்லை.

"எல்லாரும் சேர்ந்து அடிக்காம ஏன் வரிசையில நிக்கறாங்க?" என்று இயக்குநர் கேட்டார்.

"எங்க படத்துல அதுதான் சார் மரியாதை."

விளக்கி முடிப்பதற்குள் நகைச்சுவை ஆறிப்போய்விட்டது. காட்சியை வெட்டிவிட்டார்கள். பரவாயில்லை, வேலைக்கு ஆபத்தில்லை.

அதைத் தம்பி போனுக்கு அனுப்பியிருக்கிறேன். பார்க்கும்போது உங்கள் போனிலிருந்து என்னைக் கூப்பிடுங்கள். ஒன்றும் பேச வேண்டாம். நீங்கள் சிரிப்பது காதில் விழுந்தால் போதும்.

இயக்குநர் கூப்பிடுகிறார், ஓடுகிறேன்.

உங்கள் மகள்