பூஜைக்காக அடித்த கறுப்புப் பெயின்ட்

அப்பா,

என் நகங்களுக்குள் கறுப்புப் பெயின்ட் ஏறியிருக்கிறது. சோப்புப் போட்டுத் தேய்த்தும் போகவில்லை. விரலை மூக்கருகே கொண்டுபோனால், நீங்கள் வீட்டு முன் போர்ச்சில் நின்று ஸ்ப்ரே அடித்த அந்தச் சாயங்காலத்தின் வாடை அப்படியே வருகிறது. அம்மா பக்கத்து அறையில் தூங்குகிறார். அண்ணன் ஹாலில் பாய் போட்டுப் படுத்திருக்கிறான். நான் போர்வைக்குள் கைப்பேசி வெளிச்சத்தில் இதை எழுதுகிறேன். படுத்தபடி எழுதுவதால் எழுத்து கோணலாகத்தான் வருகிறது. என் எழுத்தை நீங்கள் எப்படியும் படித்துவிடுவீர்கள்.

விடிந்ததும் அண்ணன் உங்கள் ஃபோர்வீல் வண்டியை எடுத்துக்கொண்டு நியாலாஸ் பக்கத்துத் தோட்டத்துக்குப் போகிறான். நீங்கள் போன பிறகு அந்த வண்டி வெளியே கிளம்பும் முதல் நடை இது. நீங்கள் செய்த அதே வேலைதான், மேட்டுக்கு உரமூட்டை ஏற்றுவது. மழையில் மண் ரோடு குழம்பாகக் கிடக்கிறதாம். டயர் புதைந்தால் வண்டியைத் தூக்க உயரமான ஜேக்கைத் துடைத்து எண்ணெய் விட்டுப் பின்னால் ஏற்றியிருக்கிறான். ஜேக்கை எங்கே கொடுத்துத் தூக்குவான் என்று எனக்குத் தெரியும். கதவுக்குக் கீழே நீங்கள் போட்ட பைப்பில்தான். தூக்கிவிட்டு டயருக்கு அடியில் பலகை செருக அவனேதான் குனிந்து உள்ளே போவான்.

வலப்பக்கத்துப் பைப் தாங்காது அப்பா. அது உங்களுக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். இப்போது எனக்கு மட்டும்.

அந்தப் பைப் எதற்கு வந்தது என்று நினைவிருக்கிறதா? தோட்டத்தில் ஒரு செம்பனைக் கட்டை இடப்பக்கக் கதவுக்கு அடியில் குத்தித் தகரத்தை மடித்துவிட்டது. கதவு திறக்கவில்லை. பள்ளிக்கூட வாசலில் நான் புத்தகப் பையோடு உங்கள் மடியைத் தாண்டி உங்கள் பக்கமாக இறங்க, என் தோழிகள் எல்லாரும் பார்த்துச் சிரித்தார்கள். "இனிமே கட்டையே வந்து முட்டுனாலும் பைப்புலதான்லா முட்டணும்" என்று சொல்லி, பெம்பான் இரும்புக் கடையில் இரண்டு கனமான பைப்புகளை வாங்கி வந்தீர்கள். பக்கத்துக்கு ஒன்று. ஒவ்வொன்றுக்கும் மூன்று கால்கள். அந்தக் கால்களை வண்டியின் அடிச்சட்டத்தோடு சேர்த்து வெல்டிங் ஓட்ட வேண்டும்.

"வண்டிக்குக் கொலுசு போடறேன்" என்றீர்கள்.

"எனக்கு ஒரு கொலுசு வாங்கித் தர வக்கில்ல, வண்டிக்குக் கொலுசாம்" என்று அம்மா உள்ளேயிருந்து சொன்னார்.

"நீ மொதல்ல கல்லு மேலயும் கட்ட மேலயும் ஏறி எறங்கு, அப்பறம் ஒனக்கும் போடறேன்."

அம்மா சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் கரண்டியோடு வாசலுக்கே வந்துவிட்டார். அந்தச் சிரிப்பை இந்த வீட்டில் கேட்டு நாளாகிவிட்டது.

இடப்பக்கத்தை நீங்கள் நிதானமாகச் செய்தீர்கள். பேட்டரி வயரைக் கழற்றினீர்கள், துருவைத் தேய்த்தீர்கள், ஒவ்வொரு காலையும் சுற்றி இடைவெளி விடாமல் வெல்டிங் ஓட்டினீர்கள். வெல்டிங் தீயைப் பார்க்காதே என்று என்னைத் திரும்பி நிற்கச் சொல்வீர்கள். தீ நின்றதும் டார்ச் அடித்துக் காட்டுவது என் வேலை. கொசு கடித்துக் கை ஆடினால், "லைட்டு ஆடுது பாப்பா" என்பீர்கள். கோபமாக ஒருநாளும் சொன்னதில்லை.

வலப்பக்கத்தைத் தொடங்கும்போது மறுநாள் ஆயுத பூஜை. வெல்டிங் மெஷின், டிரில், ஸ்பேனர் எல்லாம் கழுவிப் பொட்டு வைத்துச் சாமி முன்னால் போக வேண்டும். அம்மா உள்ளேயிருந்து குரல் கொடுத்துக்கொண்டே இருந்தார். "மெஷினக் கொண்டாங்க. பூவெல்லாம் வாடுது!" நீங்கள் அவசரமாகப் பைப்பைத் தூக்கி நிறுத்தி, ஒவ்வொரு காலுக்கும் இரண்டு மூன்று இடத்தில் வெல்டிங் புள்ளி மட்டும் வைத்தீர்கள். விழாமல் நிற்க அது போதும். பிறகு மேலே கறுப்புப் பெயின்டை அடித்தீர்கள்.

"முழுசா ஓட்டலயேப்பா?" என்று கேட்டேன்.

"பூஜையில நிக்கற வண்டி அரகொறையா நிக்கக் கூடாதுலா. மெஷினு சாமிகிட்டேருந்து வரட்டும். பெயின்டச் சொரண்டிட்டு ஓட்டிடலாம்."

மறுநாள் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி பளபளத்தன. நீங்களே சந்தனம் வைத்தீர்கள். சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினீர்கள். அதன் பிறகு மழை பிடித்துக்கொண்டது. மழையோடு மழையாக உங்களுக்கு நெஞ்சு வலி வந்தது.

அண்ணன் அப்போது ஜொகூரில் வேலையில் இருந்தான். உங்களைச் சுடுகாட்டுக்குத் தூக்கிப்போகத்தான் வந்தான். அவன் கண்ணுக்கு இரண்டு பைப்பும் முடிந்த வேலை. நேற்று ஜேக்கை வைத்துத் தூக்கியும் பார்த்தான். வலப்பக்கம் சாக்கடை இருப்பதால் இடப்பக்கத்தில் வைத்தான். வண்டி அசையாமல் நின்றது. "பாத்தியா, அப்பா வேலன்னா அப்பா வேலதான்!" என்று பைப்பைத் தட்டிக்கொடுத்தான். அவன் முகத்தில் சந்தோஷத்தைப் பார்த்ததும் அந்தப் பக்கத்தைப் பற்றிச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இன்று சாப்பிடும்போது துணிந்து சொன்னேன். "அண்ணே, அந்தப் பக்கத்துப் பைப்பு சரியா ஓட்டல."

"ஒனக்கு என்னா தெரியும்? அப்பா வெல்டிங்கு விட்டுப்போயி நீ எங்க பாத்த?"

"இல்லண்ணே..."

"அப்பா இல்லன்னதும் அவரு வேலையக் கொற சொல்றியா? போய்ப் படி!"

தட்டு அதிர்ந்தது. நீங்கள் போன பிறகு அவன் குரல் அப்படி ஆகிவிட்டது அப்பா. எதைச் சொன்னாலும் வெடிக்கிறான். அம்மா சோற்றைப் பிசைந்தபடியே இருந்தார், சாப்பிடவில்லை. ஏன் ஓட்டவில்லை என்று நான் அங்கே சொல்லியிருக்கலாம். பூஜைக்கு மெஷினைக் கேட்டது அம்மா. அதைச் சொன்னால், வேலையைப் பாதியில் நிறுத்தியது தான்தான் என்று அம்மா இன்னொரு பாரத்தைத் தலையில் ஏற்றிக்கொள்வார். அதனால் வாயை மூடிக்கொண்டேன்.

எல்லாரும் படுத்த பிறகு உங்கள் பழைய ஸ்குருடிரைவரை எடுத்துக்கொண்டு போர்ச்சுக்குப் போனேன். டார்ச் அடிக்கப் பயம், இருட்டிலேயே தடவித் தடவி நடுக்காலில் பெயின்டைச் சுரண்டினேன். ஒவ்வொரு கீறலும் தெரு முழுக்கக் கேட்பது போல இருந்தது. நாய் குரைத்தது. ஓடி வந்துவிட்டேன். ஒரு கால்தான் முடிந்தது. அவன் அதைப் பார்க்காமலே கிளம்பிவிட்டால்? பார்த்துவிட்டு, அப்பா வண்டியைக் கெடுத்துவிட்டாய் என்று அடித்தால்? இரண்டில் எது பெரிய பயம் என்று என்னையே கேட்டுப் பார்த்தேன். அடி வாங்கிக்கொள்வேன். வண்டிக்கு அடியில் அவன் குனிவதைத்தான் நினைக்க முடியவில்லை.

ஹாலில் பாய் சுருட்டும் சத்தம் கேட்கிறது. எழுந்துவிட்டான்.

*

இப்போது வெளுத்துவிட்டது. திரும்பி வந்து எழுதுகிறேன்.

வாசல் கம்பிக்கதவு திறந்தது. கயிறு ஏற்றும் சத்தம் கேட்டது. பிறகு சத்தமே இல்லை.

"பாப்பா. இங்க வா."

போர்வையை உதறிவிட்டுப் போனேன். அவன் வலப்பக்கம் முட்டி போட்டிருந்தான்.

"யாரு சொரண்டுனது?"

"நான்தாண்ணே."

ஸ்குருடிரைவருக்குக் கை நீட்டினான். எடுத்து வந்து கொடுத்தேன். முன்காலையும் அவனே சுரண்டினான், பின்காலையும் சுரண்டினான். எல்லாவற்றிலும் வெறும் புள்ளிகள். கத்தவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"அப்பாவா இப்படி..."

"பூஜைண்ணே" என்று மெல்லச் சொன்னேன். "மெஷின உள்ள வைக்கணும்னு நிறுத்துனாரு. வந்து ஓட்டுறேன்னாரு."

அவன் அம்மாவின் அறைப் பக்கம் திரும்பிப் பார்த்தான். என் வாயில் விரல் வைத்தான். "அம்மா கேட்டா, துரு புடிச்சிருந்திச்சின்னு சொல்லு. இன்னிக்குத் தோட்டத்துக்கு நட வேணாம். பட்டறைக்குக் கொண்டு போறேன்."

பிறகு, உள்ளே வேறு எதுவும் விட்டுப்போயிருக்கிறதா என்று பார்க்கக் குனிந்தான். டார்ச்சை என் பக்கம் நீட்டினான். வாங்கிப் பிடித்தேன். பயம் இன்னும் கையில்தான் இருந்தது, வெளிச்சம் சுவரெல்லாம் ஓடியது.

"லைட்டு ஆடுது பாப்பா" என்றான்.

உங்கள் குரலேதான் அப்பா. இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

இன்று பள்ளியில் நகம் பார்ப்பார்கள். என்ன இது என்று டீச்சர் கேட்பார். அப்பா வேலை கொஞ்சம் பாக்கியிருந்தது டீச்சர் என்று சொல்லப்போகிறேன்.