என் பேரில் மச்சானின் இருதயம்

9-6-86
முதல் ட்ரிப் திண்டிவனம் போய் விழுப்புரம் திரும்பியதும் முதலாளி கூப்பிட்டு ஒரு சீட்டு கொடுத்தார். சர்க்கரை இருக்கிற டிரைவரெல்லாம் திண்டிவனத்தில் டாக்டர் சவுரிராயனிடம் இருதயத்தைப் படம் எடுத்து வரணுமாம். எங்கள் கம்பெனி பஸ்ஸில் சர்க்கரை உள்ள டிரைவர் நான் ஒருத்தன்தான். அதற்கு ஒரு "எல்லாம்".

நெஞ்சு வலி எனக்கு வந்ததே இல்லை. கேட்டால், வலிக்காமலே வருமாம். இது என்ன புதுக் கதை?

11-6-86
படம் கோணலாக வந்தால் ஸ்டியரிங் போச்சு. பதினாறு வருஷம் பிடித்த கை. வேறு என்ன வேலை தெரியும் எனக்கு?

முகையூர் போய்ப் பெரியதம்பி மச்சானைக் கேட்டேன். என் சம்சாரம் கெங்கம்மாளின் அண்ணன். அவருக்கும் எட்டு வருஷமாகச் சர்க்கரைதான், ஆனால் மல்லாட்டைக் கடலை மூட்டையைத் தனியாளாகத் தூக்கி வண்டியில் போடுகிற உடம்பு. என் பேரில் போய்ப் படுத்து வரச் சொன்னேன். இதுக்கா பயந்துக்கினு கிடக்கிறே என்று சிரித்து, சீட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். கெங்கம்மாளிடம் சொல்லவில்லை.

14-6-86
மச்சான் போய் வந்துவிட்டார். மாரில் ஜில்லென்று எதையோ தடவி ஒயர் மாட்டினார்களாம். எறும்பு கடித்த மாதிரி கூட இல்லையாம். அந்த ஒயரில் கரண்ட் உள்ளே போகிறதா, உள்ளேயிருந்து வெளியே வருகிறதா? அவர் கேட்கவில்லை. நானாக இருந்தால் கேட்டிருப்பேன்.

17-6-86
தேவநாதனின் மச்சான் என்று சொல்லிக்கொண்டு, தேவநாதனாகிய நானே ரிப்போர்ட் வாங்கப் போனேன்.

இருதயத்தில் பழைய காயம் இருக்கிறதாம். அட்டாக் ஒன்று வந்து, ஆளுக்கே தெரியாமல் போயிருக்கிறது. அடுத்தது வருவதற்குள் பாண்டிச்சேரி பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகணும், பஸ் ஓட்டவே கூடாது என்றார் டாக்டர். வலிக்காமல் எப்படி சார் என்றேன். நாள்பட்ட சர்க்கரை நரம்பை மரக்க வைத்துவிடுமாம். ஹீட் காட்டும் முள்ளுக்கு வருகிற ஒயர் அறுந்துபோனால் இன்ஜின் கொதித்தாலும் முள் அசையாதே, அந்த மாதிரியா என்றேன். அதேதான் என்றார். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

வெளியே வந்த பிறகுதான் உறைத்தது. ஐயோ, மச்சான்.

18-6-86
ரிப்போர்ட் சட்டைப் பையில் இருக்கிறது. கிழித்துப் போட்டுவிட்டு, டாக்டர் ஊரில் இல்லை என்று முதலாளியிடம் ஒரு மாசம் ஓட்டலாம். யாருக்கும் தெரியாது. மச்சானுக்கும் தெரியாது.
சீ, நீயெல்லாம் ஒரு மனுஷனா?

20-6-86
மச்சானிடம் சொல்லிவிட்டேன். நம்பவில்லை. "சீட்டுல உன் பேருதானே இருக்குது? அப்ப நோவும் உன்னுதுதான்." முதலில் விளையாட்டு என்று நினைத்தேன். இல்லை, நிஜமாகத்தான் சொல்கிறார். வலி இல்லை, விதைப்பு இருக்கிறது, வர முடியாதாம். அவரை எப்படி இழுத்துக்கொண்டு போவது?

கெங்கம்மாளிடமும் சொல்லியாச்சு. சோற்றுத் தட்டை என் முன்னால் வைத்துவிட்டு, "எங்க அண்ணனுக்கு ஒண்ணு ஆச்சுன்னா இந்த வூட்ல நான் இருக்கமாட்டேன்" என்றாள்.

23-6-86
டாக்டரிடம் உண்மையைச் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு என்னையே பார்த்தார். திட்டியிருக்கலாம். சர்க்கரை உங்களுக்கும்தானே, படுங்க என்றார். மச்சானைக் கூட்டி வருகிறேன், அவர் பார்க்கப் படுக்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். பயம்தான். ஆனால் இந்த வழியை விட்டால் அவர் வரமாட்டார்.

25-6-86
"நான் படுக்கறேன், நீங்க நின்னு பாருங்க" என்றதும் மச்சான் வந்துவிட்டார். வேடிக்கை என்றால் வருவார்.

ஒயர் மாட்டினார்கள். கரண்ட் உள்ளேயிருந்துதான் வருகிறதாம். கேட்டுவிட்டேன்! முதல் படம் நன்றாக இருந்தது. பிறகு டாக்டர் இரண்டு படி வைத்த மரப்பலகையில் ஏறி இறங்கச் சொன்னார். மூச்சு வாங்கியது, அவ்வளவுதான். திரும்பப் படுக்க வைத்து எடுத்தார்கள்.

முதல் படத்தில் நேராக இருந்த கோடு இரண்டாவதில் கீழே இறங்கியிருந்தது; இருதயத்துக்கு ரத்தம் போதவில்லையாம். என் கோடு. நெஞ்சைத் தடவிப் பார்த்தேன், ஒன்றும் தெரியவில்லை.

மச்சான் என் படத்தையும் அவர் படத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.
"வலிச்சுதா மாப்ளே?"
"இல்ல மச்சான்."
பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். நீ வந்தா நானும் பாண்டிச்சேரிக்கு வர்றேன் என்றார்.

26-6-86
முதலாளியிடம் எல்லாவற்றையும் சொல்லி, சாவியை மேசையில் வைத்தேன். ஆஸ்பத்திரியில் சொல்வதைப் பார்த்துப் பேசிக்கொள்ளலாம் என்றார்.

30-6-86
பாண்டிச்சேரி பஸ்ஸில் மூன்று பேரும் போனோம். கெங்கம்மாள் அவள் அண்ணன் பக்கத்தில். எனக்கு ஜன்னலோரம். இத்தனை வருஷத்தில் ரோட்டுக்கு இடது பக்கம் இவ்வளவு வீடு இருப்பதை நான் பார்த்ததே இல்லை.

ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதுகிறவர் கேட்பதற்கு முன்னாலேயே, "பெரியதம்பி, முகையூரு, விவசாயம்" என்று சத்தமாகச் சொன்னார் மச்சான். அடுத்தது நான். பேர் சொன்னேன். வயசு சொன்னேன். என்ன வேலை என்று கேட்டார். சாவி இல்லாத சட்டைப் பையைத் தடவினேன்.

"டிரைவரு" என்றார் மச்சான். "எழுதிக்கோங்க சார்."