ஹால்வார் ஓட்டாத கார்

அக்டோபர் 3, வெள்ளி
மழை. இந்தப் பெர்கன் ஊரில் வேறென்ன?
என் கணவன் ஹால்வாரின் ஓட்டுநர் உரிமத்தை இன்று திருப்பிக் கொடுத்தோம். பார்வையின் நடுவே கறுப்பாக ஒரு மறைப்பு. ஓரங்கள் மட்டும்தான் தெரிகின்றன அவனுக்கு. வேலை செய்த காலமெல்லாம் மீன் லாரி ஓட்டியவன். திரும்பும்போது பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து சாலையையே வெறித்துக்கொண்டு வந்தான்.

அக்டோபர் 5, ஞாயிறு
எங்கள் டீசல் வண்டியை விற்றுவிட்டு, ஊருக்குள் ஓட்ட மலிவாக ஒரு சின்ன மின்சாரக் கார் வாங்கலாம் என்றேன். நான் ஓட்டுகிறேன் என்றும் சொன்னேன். நானா சொன்னேன்? உரிமம் வாங்கியதோடு சரி, கல்யாணத்துக்குப் பிறகு ஸ்டியரிங்கைத் தொட்டதில்லை.
"நீயா? நம்ம தெரு மேட்டுலயா? மீன் பெட்டியில உக்காந்து போனாலும் போவேன், உன்கூட வரமாட்டேன்."
சிரித்துவிட்டு, குளியலறையில் போய் அழுதேன். இந்த மனுஷன் கண் மங்கினதுலேர்ந்து தானா வாசப்படியே தாண்டுறதில்ல. இப்படியே உக்காந்து உக்காந்து — வேண்டாம், எழுதவேண்டாம்.

அக்டோபர் 8, புதன்
கனவில் கடல்மேல் ஓட்டிக்கொண்டு போனேன். சத்தமே இல்லை. மீன்கள் சக்கரத்துக்கு வழிவிட்டன.

அக்டோபர் 11, சனி
தனியாகத்தான் போனேன். கார் விற்கும் கூடத்தில் சில்யே என்ற பெண் பளபளக்கும் வெள்ளைக் காரைக் காட்டினாள். "ஒரு தடவை சார்ஜ் போட்டா ஓஸ்லோ பக்கத்துக்கே போயிடலாம்!"
"ஓஸ்லோவுல எனக்கு என்னம்மா வேலை? மீன் சந்தை, நூலகம், கண் ஆஸ்பத்திரி. அவ்வளவுதான்."
அந்த வெள்ளை வண்டி எங்கள் சந்தில் நுழையவும் நுழையாது. அடுத்தது விலை குறைவு. ஆனால் குளிரில் பாதி தூரம்தான் ஓடுமாம், பின்னால் பெட்டி வைக்க இடமில்லை. மூலையில் இன்னொன்று: யாரோ ஓட்டிய பழைய வண்டி, பாசிப் பச்சை, குட்டை மூக்கு, உயரமான இருக்கை. கதவைச் சாத்தியதும் வெளியே மழை வேறெங்கோ பெய்வது போலிருந்தது. இறங்க மனம் வரவில்லை.

அக்டோபர் 18, சனி
அவனைக் கெஞ்சி, அந்தப் பச்சை வண்டியிடம் அழைத்துப் போனேன். "பாத்துச் சொல்லு" என்று வாய்தவறிச் சொல்லிவிட்டேன்.
"தடவிச் சொல்றேன்" என்றான். கூரையைத் தட்டினான். "இது காரா, ரொட்டி சுடுற அடுப்பா?"
ஓட்டிப் பார்க்க ஏறினோம். எங்கள் மேட்டின் நடுவில், முன்னால் போன வண்டி நின்றுவிட்டது. பின்னால் ஒரு லாரி. பிரேக்கை இறுக்கி மிதித்தேன்.
"ரன்வை, மூச்சு விடு."
"விட்டுக்கிட்டுத்தானே இருக்கேன்!"
"இல்ல. அந்தத் திருப்பத்துலேர்ந்து விடல. எனக்குக் கேக்குது."
விட்டேன். பிரேக்கையும் விட்டேன்; வண்டி பின்னுக்கு நகரவில்லை. முன்னால் நின்ற வண்டி நகர்ந்ததும் ஆக்ஸிலரேட்டரை மெல்ல அழுத்தினேன். நனைந்த கூரைகளையும் மூடுபனியையும் தாண்டி, யாரோ தூக்கிச் செல்வதுபோல மேலே போனோம்.
உச்சியில் சொன்னான்: "இத்தனை வருஷமா இன்ஜின் சத்தத்துல உன் மூச்சு எனக்குக் கேட்டதே இல்ல."
பிறகு, "இந்த அடுப்பையே வாங்கு."

அக்டோபர் 24, வெள்ளி
வாங்கியாயிற்று. பச்சை அவனுக்குச் சாம்பலாகத்தான் தெரிகிறதாம். இருக்கட்டும்.

நவம்பர் 9, ஞாயிறு
குளிர் வந்ததும் வண்டி அவர்கள் சொன்ன தூரம் ஓடுவதில்லை. எங்கள் ஊருக்கு இது போதும். வண்டியைச் சுவரில் லேசாக உரசிவிட்டேன். "சத்தம் வராத வண்டியிலயும் சத்தம் வரவச்சிட்டியே" என்கிறான்.

நவம்பர் 23, ஞாயிறு
இன்று அவனே மேல்கோட்டை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றான். "போலாமா?"
கடலோரமாகப் போனோம். வாஃபிள் வாங்கி வண்டிக்குள்ளேயே சாப்பிட்டோம். எந்தப் பக்கம் வெளிச்சம் என்று கேட்டான், சொன்னேன். திரும்பும் வழியில் பேச்சு நின்றது. பார்த்தால் — தூங்குகிறான். அடுத்தவர் ஓட்டும் வண்டியில் கண்ணயர்ந்ததே இல்லை இவன்; பேருந்தில்கூடச் சாலையையே வெறித்துக்கொண்டிருப்பான். இன்று வாய் லேசாகத் திறந்து, மீசையில் சர்க்கரைத் தூள்.
வீடு வந்தது. நான் நிறுத்தவில்லை. இன்னொரு சுற்றுப் போனேன்.