அருள்புரத்தில் அடித்த மணி

அன்பு மச்சானுக்கு,

விஜயராணி எழுதுவது. மாதா புண்ணியத்தில் நான் சுகம். நீங்களும் அத்தையும் சுகமா? இந்தப் பனிக்கு அத்தையின் இரைப்பு எப்படி இருக்கிறது? சொல்ல நினைப்பதைப் போனில் சொன்னால் சிரித்துப் பேச்சை மாற்றிவிடுவீர்கள். அதனால்தான் பாம்பனுக்கு வரும் அனுசுயாவிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

திங்கட்கிழமை காலை, வாடைக்காற்று பலத்துக் கடல் கொந்தளிக்கிறது என்று செய்தியில் பார்த்தேன். நீங்கள் வள்ளத்தில் போயிருந்தீர்கள். இங்கே அருள்புரத்தில், பனியன் கம்பெனியில் போனை வாங்கிப் பூட்டிவிட்டார்கள். பதினொரு மணிக்குத் தீ ஒத்திகை மணி அடித்தது. எல்லோரும் வெளியே வந்து, பெயர் கூப்பிட்டதும் உள்ளே திரும்பினார்கள். நான் மட்டும் காற்று வரும் பக்கம் பார்த்து நின்றேனாம். கூட வேலை செய்யும் நஞ்சம்மாள் அக்கா தோளைத் தொட்டார்.

"ஏன் கண்ணு, எல்லாரும் உள்ள போயாச்சு. நீ ஆருக்கு நிக்கறே?"

"எங்க வீட்டு ஆளு இன்னும் கரைக்கு வரலக்கா."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். காற்று பலத்துக் கோயில் மணி அடித்தால், கடைசி வள்ளம் வரும்வரை நம் ஊரில் ஒருத்தியும் கரையை விட்டுப் போவதில்லையே, அந்தப் பழக்கம்தான். வேறொன்றுமில்லை. சாயங்காலம் உங்கள் குரலைக் கேட்ட பிறகுதான் மத்தியானச் சோற்றைத் திறந்தேன்.

கொஞ்சம் நெத்திலிக் கருவாடு கொடுத்துவிடுங்கள். என் கம்பளியும் வேண்டும். அனுசுயா பஸ்ஸுக்கு அவசரப்படுத்துகிறாள். வார் அறுந்த உங்கள் லைஃப் ஜாக்கெட்டையும் மறக்காமல் அவளிடம் கொடுங்கள், தைத்து அனுப்புகிறேன். அது வந்து சேரும்வரை கடலுக்குப் போகக் கூடாது.

நான் மெதுவாகத்தான் தைப்பேன், வாடை ஓயும்வரை.

உங்கள்
விஜயராணி